சக்கரத்தின் மேல் வீடு யாருக்கு? சாலையோரத்தில் தூக்கம் யாருக்கு?

கேரவன் என்ற வண்டியை நம் ஜனங்கள் சினிமா ஷூட்டிங் நடக்கும் இடத்தில்தான் முதலில் பார்த்தார்கள். நட்சத்திரங்கள் வேஷம் போடவும் ஓய்வெடுக்கவும் குளிர்ச்சாதன வசதியோடு நிற்கும் நீண்ட வண்டி அது. 1982இல் ஆந்திராவில் என்.டி. ராமராவ் ஒரு பழைய செவர்லே வேனை மாற்றியமைத்து, ‘சைதன்ய ரதம்’ என்று பெயர் சூட்டி, அதிலேயே உண்டு உறங்கி ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். அதன் பிறகு அரசியல் தலைவர்களுக்கும் இவ்வண்டி பழகிப்போயிற்று.

இப்போது மூன்றாவது கட்டம் வந்திருக்கிறது. கட்டில், சமையலறை, கழிப்பறை, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த பெரிய வண்டியை ஓட்டிக்கொண்டு, கடற்கரைச் சாலையில் அழகு பார்த்துக்கொண்டு போவது ஒரு தனிச் சுற்றுலாத் தொழிலாக வளர்க்கப்படுகிறது. கேரள சர்க்கார் 2021இல் இதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. முதலில் வாங்கப்படும் 100 வண்டிகளுக்கு, வண்டி ஒன்றுக்கு ஏழரை லட்ச ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதை மானியமாகத் தருவதாகச் சொன்னது. 2023இல் வெளியான தமிழ்நாட்டுச் சுற்றுலாக் கொள்கையும் ஊக்கம் தரவேண்டிய துறைகளில் ஒன்றாகக் கேரவன் சுற்றுலாவைச் சேர்த்திருக்கிறது.

இதற்கு ஏற்ற சாலை எது? சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி, நாகப்பட்டினம், தொண்டி, தேவிப்பட்டினம் வழியாக ராமநாதபுரம் வந்து, கீழக்கரை, சாயல்குடி வழியாகத் தூத்துக்குடிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் சொல்லுவார்கள். மதுரைக்காரர்களாகிய நமக்கோ வைகையை ஒட்டினாற்போல் கிழக்கே போகும் சாலை இருக்கிறது. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், அதற்கும் அப்பால் தனுஷ்கோடி, அரிச்சல்முனை. சாலை முடியும் இடத்தில் ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் மன்னார் வளைகுடா. இதைவிட அழகான சாலை தமிழ்நாட்டில் வேறு உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் நாமும் சொல்லுவோம்.

ஆகவே இந்தச் சங்கதியை நாம் பேசித்தான் தீரவேண்டும்.

கடல் யாருடையது?

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பஞ்சாலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் உழைக்கவே பிறந்தவர்கள், உல்லாசம் அவர்களுக்கு ஆகாது என்று நாம் சொல்லவில்லை. அது முதலாளி சொல்லும் பேச்சு. பயணம் போவது நல்லது. கடலைப் பார்ப்பது நல்லது. ஸ்பின்னிங் கட்டிலே பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நுரையீரலுக்குக் கடற்காற்று வேண்டாமா? குனிந்து நாற்று நட்டு நட்டு வளைந்துபோன முதுகு ஒருநாள் மணலில் நிமிர்ந்து படுக்க வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும்!

பிரான்ஸ் நாட்டுத் தொழிலாளர்கள் இதை 1936இல் சாதித்தார்கள். அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து லட்சக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பலனாக வாரத்திற்கு 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறையும் சட்டமாயின. விடுமுறை கிடைத்தால் மட்டும் போதுமா, போக வழி வேண்டாமா என்று கேட்டு, ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் குறைக்கவும் வைத்தார்கள். பல தொழிலாளர் குடும்பங்கள் அந்தக் கோடையில்தான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தன. சைக்கிளில் போனார்கள், ரயிலில் போனார்கள், கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அங்கே தனியாருக்கு வண்டி வாங்க மானியம் கொடுத்துத் தொழிலாளியைக் கடலுக்கு அனுப்பவில்லை. விடுமுறையும் குறைந்த கட்டணமும்தான் அனுப்பின.

நம் நாட்டில் நிலைமை என்ன? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுமுறை என்று எழுதியது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. பழைய சட்டம் அதில் கரைந்தது. 240 நாள் என்பது 180 நாள் ஆயிற்று. 20க்கு ஒன்று என்ற கணக்கு அப்படியே நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 180 நாள் உழைத்தவருக்கு 9 நாள். அதையும் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எடுத்தது போகக் கடலுக்கு எத்தனை நாள் மிஞ்சும்?

கேம்ப் கூலியாக வந்து மில் விடுதியிலேயே அடைபட்டுக் கிடக்கும் பெண் பிள்ளைகளுக்கு விடுதியின் வாசற்படி தாண்டுவதே பெரும்பாடு. விவசாயத் தொழிலாளிக்கோ விடுமுறை என்ற சொல்லே கிடையாது. வேலை இல்லாத நாள் உண்டு; அது பட்டினி நாள். மத்திய சர்க்கார் ஊழியருக்கு விடுமுறைப் பயணச் சலுகை என்று ஒன்று உண்டு. அது அவர்கள் உரிமை, அதை நாம் குறை சொல்லவில்லை. அரிசி விளைவிப்பவனுக்கும் நூல் நூற்பவனுக்கும் அந்த உரிமை ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்.

ஜன்னல் வழியே தெரியாதவை

மதுரையிலிருந்து கேரவனில் புறப்படுபவர் என்னென்ன பார்ப்பார்? பரமக்குடியைத் தாண்டினால் வானம் பார்த்த பூமி. சீமைக் கருவேலும் பனையும் மாறி மாறி வரும். திருப்பாச்சேத்தியிலும் போகலூரிலும் சுங்கச் சாவடி வரும். கேரவன்காரர் தம் பணத்தில் சுங்கம் கட்டுவார். அரசுப் பஸ் கட்டும் சுங்கமோ கடைசியில் கூடை சுமந்து ஏறும் கிழவியின் டிக்கெட்டில்தான் வந்து விழும்.

பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை உள்ள 46.7 கிலோமீட்டரை நான்கு வழிச் சாலையாக்க, 1,853 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை 2025 ஜூலையில் ஒப்புதல் தந்தது. சாலை அகலமானால் நல்லதே. விபத்துக் குறையும், ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போகலாம். ஆனால் சாலைக்கு நிலம் போகும்போது பட்டாதாருக்கு நஷ்டஈடு வருகிறது; அந்த நிலத்தில் களை எடுத்துப் பிழைத்த குடும்பத்துக்கு என்ன வருகிறது? 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம், நிலமில்லாவிட்டாலும் மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பிப் பிழைத்த விவசாயத் தொழிலாளர் குடும்பத்தையும் குத்தகைதாரரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றே சொல்லுகிறது. ஏட்டில் எழுதியது கைக்கு வர, தாலுகா ஆபீஸ் வாசலில் சங்கமாக நிற்க வேண்டும். தனியாளாய் நின்றால் வராது.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே வாலிநோக்கம் பக்கம் போனால் உப்பளம் வெள்ளி போலப் பளபளக்கும். படம் பிடிக்க அழகான இடம். வெயிலும் அந்த வெண்மையும் சேர்ந்து உப்பளத் தொழிலாளியின் கண்ணை உறுத்துவதும், காலை உப்பு நீர் அரிப்பதும் படத்தில் விழாது. மண்டபம், பாம்பன் கரையில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். பவளப் பாறையைக் காப்பது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் பாட்டி காலந்தொட்டு மூழ்கிய கடலிலே பாசிக்காரப் பெண் இன்று பயந்து பயந்து மூழ்குகிறாள். அதே கடலைக் கண்ணாடி அடிப் படகில் பார்க்க வருபவருக்கோ வரவேற்பு.

தனுஷ்கோடியின் கதையைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அந்த ஊரே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் அடித்துக்கொண்டு போயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பின் சர்க்கார் அதை மனிதர் வாழத் தகாத இடம் என்று அறிவித்தது. மீனவர்கள் என்ன செய்தார்கள்? மீன் இருக்கும் இடத்தில்தானே வலை போட முடியும்! கீற்றுக் குடிசை போட்டு அங்கேயே இருந்தார்கள். விளக்கு, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று கேட்டபோதெல்லாம் ‘வாழத் தகாத இடம்’ என்ற அறிவிப்புதான் நெடுங்காலம் குறுக்கே நின்றது. 2017 ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரைக் கிலோமீட்டர்த் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதுவரை மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டி ஆட்களை ஏற்றிச்சென்று பிழைத்தவர்களின் பிழைப்பு அதோடு போயிற்று.

மீனவன் வாழத் தகாத இடம், உல்லாசப் பிரயாணி வந்துபோகத் தகுந்த இடமாக ஆனது எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். சாலையை நாம் குறை கூறவில்லை. சாலை போட முடிந்த கை, அறுபது ஆண்டில் அந்தக் குடிசைகளுக்கு என்ன செய்தது என்றே கேட்கிறோம்.

நம்முடைய கேரவன்

உழைப்பாளி மக்களும் பயணம் போகிறார்கள். தெருவில் பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து வாரச் சீட்டுக் கட்டி, ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ ஒரு வேன் பிடிப்பார்கள். அரிசி, பருப்பு, அண்டா, அடுப்பு, பாய், போர்வை எல்லாம் வண்டியிலேயே. வழியில் ஒரு வேப்பமர நிழலில் உலை வைப்பார்கள். ராமேஸ்வரத்தில் ஏதாவது மண்டபத் திண்ணையில் படுப்பார்கள். வண்டிக்குள்ளேயே தூங்குவோரும் உண்டு. வேன் பிடிக்க முடியாதவர்கள் சரக்கு ஏற்றும் மினி லாரியில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போகிறார்கள். அது கவிழ்ந்தால் மறுநாள் பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வருகிறது.

இதுவும் சக்கரத்தின் மேல் வீடுதான். இதற்கு மானியம் கிடையாது. கழிப்பறை கிடையாது. ராத்திரி நேரத்தில் பெண்கள் ஒதுங்க இருட்டும் முள்காடும்தான். கொள்கைப் புத்தகத்தில் இவர்கள் சுற்றுலாப் பயணிகளாகக் கணக்கில் வருகிறார்கள். வசதி என்று வரும்போது காணாமல் போகிறார்கள்.

இந்த அலட்சியம் என்ன விலை கேட்கும் என்பதை மதுரை கண்ணால் பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தை அடுத்த யார்டில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரையாக வந்தவர்கள் அதிலே தங்கியிருந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த காஸ் சிலிண்டரில் தேநீர் போட அடுப்பு மூட்டியதுதான் காரணம் என்றார்கள். 9 பேர் மாண்டார்கள். சிலிண்டரை ஏற்றியவர்கள்மீது வழக்கு வந்தது, சரி. ஆனால் பல நாள் பயணத்தில் ஒரு பெட்டியையே வீடாக்கி, அதிலேயே தூங்கி, அதிலேயே சமைக்கும் நிலை ஏன் வந்தது? பெட்டி நிற்கும் ஊரில் பத்திரமாகச் சமைக்க ஒரு கூடம், படுக்க ஓர் இடம், ஏழைக்குக் கட்டுப்படியாகும் விலையில் இருந்திருந்தால் அந்த உயிர்கள் போயிருக்குமா?

கேரவன் வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மூடிய வண்டிக்குள் காஸ் அடுப்பு என்பது பணக்காரர், ஏழை என்று பார்க்காது.

சத்திரம் கட்டிய நாடு

வழிப்போக்கனுக்கு இடம் தருவது நமக்குப் புதிய பாடம் அல்ல. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இன்றும் மங்கம்மாள் சத்திரம் என்ற பெயரை எல்லோரும் அறிவார்கள். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டு, மரம் நட்டு, சத்திரமும் கட்டினாள். ராமநாதபுரம் சேதுபதிகள் சேதுவுக்குப் போகிற வழி நெடுகச் சத்திரங்கள் எழுப்பினார்கள். தனுஷ்கோடிச் சாலை புறப்படும் முகுந்தராயர் சத்திரம் என்ற ஊர்ப்பெயரே அதற்குச் சாட்சி. அவர்கள் ராஜாக்கள், வரி வாங்கியவர்கள், குடிகள் உழைப்பில்தான் கட்டினார்கள். சத்திரத்திலும் சாதி பார்த்துத்தான் திண்ணையும் சோறும் பிரிக்கப்பட்டன. அந்தப் பழைய காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆனால் சாலை போட்டால் அதன் ஓரத்தில் நிழலும் தண்ணீரும் தலைசாய்க்க இடமும் வேண்டும் என்ற புத்தி அவர்களுக்கு இருந்தது. சாதி வேறுபாடின்றி அதைச் செய்ய வேண்டியது ஜனநாயக சர்க்காரின் கடமை.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யம் கடற்கரைக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டினான். ஜனங்கள் பயந்து கதவைச் சாத்திவிடவில்லை. தந்திரம் செய்தாவது சோறு போட்டார்கள். வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பதும் மறுப்பதும் அரசியல்தான் என்பதை அன்றே நம் கடற்கரை கண்டது.

ஸ்டியரிங் பிடிப்பவன்

பெரிய வண்டியைக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவது விளையாட்டல்ல. உயரமான வண்டியின் பக்கவாட்டில் காற்று அறைந்தால் ஸ்டியரிங் கையை இழுக்கும். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். காற்று கடுகினால் பக்கத்து ரயில் பாலத்தில் ரயிலையே நிறுத்திவிடுகிறார்கள். தனுஷ்கோடிச் சாலையில் மணல் வந்து மூடும். பாரம் கூடக் கூட, பிரேக் பிடித்த பின்னும் வண்டி ஓடும் தூரம் கூடும். இதெல்லாம் லாரி டிரைவருக்குக் கையோடு வந்த வித்தை. பழக்கமில்லாத கையில் இப்படிப்பட்ட வண்டியைக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் எதிரே வரும் மீன்காரரை விதியிடம் ஒப்படைக்கக் கூடாது.

இந்த நாட்டில் சக்கரத்தின் மேல் வீடு வைத்து வாழ்பவர் உண்மையில் லாரி டிரைவர்தான். சீட்டே கட்டில், ஸ்டவ்வே சமையலறை, சாலையோரமே கழிப்பறை. 1961ஆம் ஆண்டு மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதியது. எத்தனை டிரைவர் அதைக் கண்டார்? அந்தச் சட்டமும் இப்போது புதிய தொகுப்புக்குள் போய்விட்டது. கனரக லாரியின் டிரைவர் கேபினுக்குக் குளிர்ச்சாதனம் கட்டாயம் என்ற விதி 2025 அக்டோபர் 1 முதல்தான் வந்தது. அதுவும் புதிதாகச் செய்யப்படும் வண்டிகளுக்கு மட்டும். மற்ற லட்சோபலட்சம் பேர் என்ஜின் சூட்டில் வேகிறார்கள். தூக்கமில்லாத டிரைவர் தன் உயிரோடு எதிரே வரும் உயிரையும் பணயம் வைத்து ஓட்டுகிறார். கேரவன் நிறுத்தத் தனிப் பூங்கா வேண்டும் என்று யோசிக்கிறவர்கள், லாரி நிறுத்த ஒரு கொட்டகை வேண்டும் என்று முதலில் யோசிக்கட்டும்!

வேலை வரும் என்கிறார்களே?

சுற்றுலா வந்தால் உள்ளூருக்கு வேலை வருமே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தனுஷ்கோடிக் கரையில் மீன் வறுத்து விற்கும் பெண்ணுக்கும் சங்கு விற்கும் பையனுக்கும் பிரயாணி வந்தால்தான் வருமானம். அதை நாம் உதறவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். தன் கட்டிலையும் சமையலறையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வருபவர் உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையிலோ விடுதியிலோ எவ்வளவு செலவழிப்பார்? பஸ்ஸிலும் ரயிலிலும் வேனிலும் வரும் ஆயிரம் பேர்தான் இட்லிக் கடையை வாழவைக்கிறார்கள். அந்த ஆயிரம் பேருக்குச் செய்யும் வசதி ஊருக்கும் லாபம், நாட்டுக்கும் லாபம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கடற்கரையில் வண்டிகள் தங்க என்று வேலி போட ஆரம்பித்தால், படகு இழுக்கவும் வலை உலர்த்தவும் மீனவனுக்கு மணல் இருக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடலுக்குப் பக்கத்தில் இருப்பது ஆபத்து என்று சொல்லி மீனவக் குடும்பங்களை உள்ளே தள்ளிக் குடியமர்த்தினார்கள். மீனவனுக்கு ஆபத்தான கரை, உல்லாச விடுதிக்கு மட்டும் பத்திரமாகிவிடுமா?

நாம் கேட்பது

கேரவனில் போகிறவர் தம் காசில் தாராளமாகப் போகட்டும். அவர்மேல் நமக்குப் பகை இல்லை. பொதுப் பணம் யாருக்கு முதலில் என்பதே கேள்வி. ஆகவே நாம் கேட்பவை இவை:

1. மதுரையிலிருந்து தனுஷ்கோடி வரையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகப் பொதுத் தங்குமிடம் வேண்டும். அதில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், குடிநீரும், பத்திரமாகச் சமைக்கக் கூடமும் இருக்க வேண்டும். கட்டணம் கூலிக்காரருக்குக் கட்டுப்படியாக வேண்டும்.

2. லாரி, வேன், பஸ் டிரைவர்களுக்குக் கட்டிலோடு கூடிய ஓய்வுக் கொட்டகை வேண்டும். வேலை நேரச் சட்டத்தை முதலாளிமேல் அமல் நடத்த வேண்டும்.

3. ஆலைத் தொழிலாளிக்கு விடுமுறையோடு ஆண்டுக்கு ஒருமுறை குடும்பப் பயணச் சலுகை வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் நலவாரியத்தின் மூலம் அது வரவேண்டும்.

4. சாலை விரிவாக்கத்தில் பிழைப்பு இழக்கும் நிலமற்ற குடும்பங்களுக்குச் சட்டப்படி மறுவாழ்வு வேண்டும்.

5. தனுஷ்கோடி மீனவருக்கு வாழும் உரிமை வேண்டும். எந்தச் சுற்றுலாத் திட்டமும் மீனவரின் கரையை வேலி போட்டு அடைக்கக் கூடாது.

இவற்றில் ஒன்றுகூட ஆகாத காரியம் அல்ல. உல்லாச வண்டிக்கு லட்சக் கணக்கில் மானியம் தர முடியும் என்றால், சாலையோரத்தில் ஒரு கூரையும் கழிப்பறையும் கட்ட முடியாதா? தங்கள் சங்கக் கூட்டத்தில், ஊர்க் கூட்டத்தில், கிராமசபையில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள். சாலை போட்டது நம் கை, வரி கட்டியது நம் கூலி. அந்தச் சாலையில் நாமும் நம் பிள்ளைகளும் கௌரவமாகப் போய், கௌரவமாகத் தங்கி, கடலைப் பார்த்துவிட்டு வரும் நாளை நாமே கேட்டுத்தான் வாங்க வேண்டும்.